ஒற்றைக்கால் பவளக்காலி

காலை ஒன்பது மணி. மருந்துக்கடை மேசையின் மேல் இரண்டு படிவங்கள் கிடந்தன. ஒன்று போன வருடத்தது, மூலை மடங்கியது. இன்னொன்று புதியது. கடைக்காரர் பழையதைப் பார்த்துப் பார்த்துப் புதியதில் எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார், ஒருவருக்கு இருமல் மருந்து கொடுத்தார். பிறகு விட்ட இடத்தில் மறுபடி பேனாவை வைத்தார்.

அது கரையோரப் பறவைக் கணக்கு. இலையுதிர் காலம் தொடங்கி வடக்கே குளிர் ஏறியதும், கடல் தாண்டி வரும் பறவைகளை எண்ணி எழுதும் வேலை. பறவைச் சங்கம் கரையைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்திருந்தது. ஏழாம் துண்டு முகத்துவாரத்துச் சேற்றுத் திட்டு. அது இவருடையது. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. கழுத்தில் தொங்கும் கருவியை வைத்து ஊரே அவரை 'பைனாகுலர்' என்று கூப்பிட்டது. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

முதல் ஐந்து வருடம் மனிதர் ஒழுங்காகத்தான் போனார். விடியும் முன் எழுந்து, முழங்கால் சேற்றில் நின்று, ஒவ்வொன்றாக எண்ணினார். ஆறாம் வருடம் முழங்கால் வலி. பக்கத்தில் புதிதாக வந்த சாய ஆலையின் நாற்றம் வேறு. 'ஒரு தடவைதானே' என்று கடையில் உட்கார்ந்தபடியே முந்தைய வருடக் கணக்கைப் பார்த்து எழுதி அனுப்பினார். யாரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமல்ல, 'தவறாமல் கணக்குத் தருபவர்' என்று அந்த வருடமே விழா எடுத்துக் கேடயமும் கொடுத்தார்கள். அதோடு சரி. திருட்டு ருசித்த பூனை மறுபடி உறியைப் பார்க்காமல் இருக்குமா? இது நான்காவது தடவை.

அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற அறிவு மட்டும் இருந்தது. அதனால் பவளக்காலிகள் என்ற இடத்தில் 231 என்பதை 240 ஆக்கினார். செக்கச்செவேலென்ற கால்களுடைய சேற்றுப் பறவைகள் அவை. குறிப்பு என்ற கட்டத்தில் வழக்கமான வரியை எழுதினார்: 'ஒற்றைக்கால் பவளக்காலி ஒன்று, இந்த ஆண்டும் வந்தது.' அந்தப் பறவையை நான்காம் வருடமும் ஐந்தாம் வருடமும் அவர் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு காலை இழந்துவிட்டு இத்தனை தூரம் பறந்து வந்ததே என்று அன்று கண் கலங்கியவர்தான். அந்த வரியை விட்டுவிட மனம் வரவில்லை. பறவையைப் போய்ப் பார்க்கவும் மனம் வரவில்லை.

உள்ளிருந்து எட்டிப் பார்த்த மனைவி கேட்டார். "ஏங்க, இந்த வருஷமும் போகலையா?"

"போய் என்னத்தப் பாக்க? அதே சேறு, அதே குருவி. அதுங்க எங்க போயிடப் போகுது?"

அப்போதுதான் சிப்பியக்கா வந்தாள். முகத்துவாரத்துச் சேற்றில் சிப்பி பொறுக்கிப் பிழைக்கும் நாற்பது பெண்களில் மூத்தவள். இரண்டு கைகளையும் மேசை மேல் மல்லாத்தி வைத்தாள். விரல் இடுக்குகள் வெந்து, தோல் உரிந்து, உள்ளங்கையில் கோடு கோடாக வெடித்திருந்தது.

"அண்ணே, அந்தக் களிம்பு ரெண்டு குடுங்க. ஒண்ணு பத்தல."

கடைக்காரர் படிவத்தின் மேல் விலைப்பட்டியலை நகர்த்தி மறைத்தார். களிம்பை எடுத்து வைத்தார். "தண்ணியில கை வைக்காம இருங்கம்மா, ஆறிடும்."

"தண்ணியில கை வைக்கலேன்னா அடுப்புல என்னத்த வைக்கிறது?" என்று சிரித்தாள் அவள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் "அடுத்து யாரு?" என்று அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அவள் களிம்பை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். மூன்று வருடமாக மாதம் தவறாமல் அதே கைக்கு அதே களிம்பு விற்கிறார். இது எப்படி வந்தது என்று ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, அந்த வாய் கேட்டதில்லை.

மூன்று வாரம் கழித்து நகராட்சி மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. சாய ஆலை தன் கழிவுக் குழாயை இரண்டு மடங்கு பெரிதாக்கி முகத்துவாரத்தில் விட அனுமதி கேட்டிருந்தது. கிடைத்துவிட்டால் சிப்பி பொறுக்கும் பெண்களுக்கு அதோடு பிழைப்பு முடிந்தது. அது அவர்களுக்குத் தெரியும். அதனால் நாற்பது பேரும் வந்து கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஆலை மேலாளர் இருந்தார். பறவைச் சங்கத்தின் சார்பில் அழைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில், பைனாகுலரையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மருந்துக்கடைக்காரரும் முன் வரிசையிலேயே, சங்கச் செயலாளருக்குப் பக்கத்தில் இருந்தார்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கைகளைக் காட்டினார்கள். விசாரணை அதிகாரி பொறுமையாகக் குறித்துக்கொண்டார். "தண்ணி கெட்டதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். வெந்த கை நாற்பது ஜோடி எதிரே நீட்டியிருக்கிறது. ஆதாரம் கேட்கிறார்! காகிதத்தில் வந்தால்தான் சில கண்களுக்குத் தெரியும்.

காகிதம் ஆலையிடம் இருந்தது. மேலாளர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சார், நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க. இயற்கைய நேசிக்கிற ஒருத்தர் எழுதினது இது. பறவைச் சங்கம் வெளியிட்ட கணக்கு. தண்ணி கெட்டா மொதல்ல ஓடிப்போறது பறவைதான். ஆனா பாருங்க, எங்க ஆலை வந்த நாள்லேருந்து 218, 225, 231, இப்ப 240. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது. அவ்வளவு ஏன், கால் போன ஒரு பறவைகூட இதே சேத்தத் தேடி வருஷம் தவறாம வருது. நொண்டிப் பறவையே நல்லா வாழுற தண்ணி சார் இது! இத எழுதினவரு இங்கதான் இருக்காரு."

அவர் கைகாட்ட, முன் வரிசைகள் கைதட்டின. கடைக்காரர் பாதி எழுந்து கும்பிட்டார். தாம் கிறுக்கிய எண்கள் இங்கே வந்து இந்த வேலை செய்யும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நினைக்காததுதான் குற்றமே.

கடைசி வரிசையில் சிப்பியக்கா எழுந்தாள்.

"அது செத்துப்போச்சுங்க."

"எதும்மா?" என்றார் அதிகாரி.

"அந்த ஒத்தக்கால் குருவி. மூணு வருஷம் ஆச்சு."

மேலாளர் சிரித்தார். "சார், இந்தப் பறவைங்க எல்லாமே ஓய்வெடுக்கும்போது ஒத்தக்கால்லதான் நிக்கும். அந்தம்மா வேற எதையாவது பாத்திருப்பாங்க. ஐயாவே சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் கடைக்காரர் பக்கம் திரும்பின. நல்ல வாய்ப்பு. 'ஆமாம், குழம்பியிருப்பார்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் தப்பும், கேடயம் தப்பும். அவர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... பொதுவா பாத்தா, ஆமா, ஒரு காலை மடக்கிக்கிட்டு..."

"அண்ணே!" சிப்பியக்காவின் குரல் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்து அறைந்தது. "தூங்குற குருவி காலை மடக்கும்னு எனக்குத் தெரியாதா? பொழுது விடிஞ்சா அதுங்க மூஞ்சியிலதான் முழிக்கிறேன். இது தத்தித் தத்தி மேயும். முட்டிக்குக் கீழ கால் கெடையாது. முட்டியில பச்சை நைலான் நூல் இறுகிக் கெடக்கும். வலை நூல். அதுதான் காலை அறுத்திருக்கு. கையில எடுத்துப் பாத்தவ சொல்றேன்."

கடைக்காரரின் கை சட்டைப்பைக்குப் போனது. பச்சை நூல்! நான்காம் வருடம் அதைத் தம் சட்டைப்பை நோட்டில் மட்டும் எழுதி வைத்திருந்தார். படிவத்தில் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. பறவையைக் கையில் எடுத்தவளைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

அவள் நிறுத்தவில்லை. "நீலத் தண்ணி வந்த மொத வருஷம், குழாய் வாய்க்கிட்ட றெக்கையெல்லாம் சாயம் ஒட்டிக் கெடந்துச்சு. உயிர் இருந்துச்சு. குருவின்னா உங்களுக்கு உசுராச்சேன்னு முந்தானையில சுத்தி எடுத்துக்கிட்டு உங்க கடைக்கு ஓடியாந்தேன். கடை பூட்டியிருந்துச்சு. 'பறவைக் கணக்கு விழா, இன்று விடுமுறை'ன்னு அட்டை தொங்குச்சு. படியில உக்காந்திருந்தேன். என் மடியிலயே செத்துச்சு. நீங்க அங்க மாலை போட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவள் முன் வரிசையைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

"மறுநாள் சொல்லலாம்னு வந்தேன். களிம்பக் குடுத்துட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டீங்க. அப்புறமும் எத்தனையோ தடவ வாயெடுத்தேன். செத்த குருவிய மூணு வருஷமா உயிரோட நடமாட விட்டிருக்கீங்களே அண்ணே, கொஞ்சம் நாங்களும் உயிரோட இருக்கோமான்னு எட்டிப் பாத்திருக்கலாமில்ல?"

அதிகாரி பேனாவை வைத்தார். "ஐயா, நீங்க சொல்லுங்க. இந்த வருஷம் அந்தப் பறவையப் பாத்தீங்களா?"

பறவைச் சங்கச் செயலாளர் பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "சங்கத்து மானம்யா" என்று பல்லைக் கடித்தார். கடைக்காரர் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றினார்.

"பாக்கல சார். இந்த வருஷம் மட்டுமில்ல, நாலு வருஷமா நான் அந்தப் பக்கமே போகல. பழைய கணக்கப் பாத்து, அஞ்சு பத்து கூட்டி எழுதினேன். அந்தக் கணக்கு மொத்தமும் பொய். அந்தம்மா சொல்றதுதான் நெசம்."

அதன் பிறகு எழுந்த கூச்சலைச் சொல்லி மாளாது. மேலாளர் தாளை மடக்கிப் பைக்குள் வைக்கப் பார்த்தார். அதிகாரி அதைக் கேட்டு வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்டார். அனுமதி மறுக்கப்பட்டுவிடவில்லை. அவ்வளவு சுலபமாக எதுவும் நடந்துவிடாது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, தண்ணீரைச் சோதிக்கவும், சாட்சி வைத்துப் பறவைகளை மறுபடி எண்ணவும் உத்தரவாயிற்று, அவ்வளவுதான். சங்கம் அன்றே அவரை நீக்கிவிட்டது. நான்கு வருடம் அந்தக் கணக்கைச் சரிபார்க்காமல் அச்சடித்த சங்கம், தன்னை நீக்கிக்கொள்ளவில்லை.

மறு எண்ணிக்கைக்கு அதிகாரியின் ஆள் ஒருவர் வந்தார், சாட்சியாகச் சிப்பியக்கா வந்தாள். ஏழாம் துண்டின் எல்லை தெரிந்தவர் வேண்டுமென்று கடைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் சேற்றில் இறங்கியதுமே கால் எரிந்தது. தண்ணீர் விளிம்பில் நீலமாக ஒரு படலம் படிந்திருந்தது. ஐந்தாம் வருடம் பறவைச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காத இடம் அது. இப்போது குழாய்த் தண்ணீர் கொட்டுவது மட்டும் கேட்டது. மூன்று மணி நேரம் நின்று, திட்டு முழுவதையும் இரண்டு முறை எண்ணினார்கள். எல்லாப் பறவைகளும் சேர்த்துப் பதினொன்று. பவளக்காலி ஒன்றுகூட இல்லை.

படிவத்தில் அவர் பூஜ்ஜியம் போட்டார். சாட்சிக் கையெழுத்துக்குச் சிப்பியக்காவிடம் பேனாவை நீட்டினார். வெடித்த விரல்களுக்குள் பேனா நிற்கவில்லை, இரண்டு தடவை சேற்றில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். அந்தக் கையை அன்றுதான் நிஜமாகவே பார்த்தார்.

"வலிக்குதாம்மா? இது எப்பலேருந்து இப்படி?"

சிப்பியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் தணிந்திருக்கவில்லை. தணிய என்ன இருக்கிறது?

"இந்தக் கேள்விய மூணு வருஷம் முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா, அந்தக் குருவிங்களும் இருந்திருக்கும், எங்க கையும் இருந்திருக்கும். விஷத்த ஊத்துனவன் ஆலைக்காரன்தான். ஆனா அவன் ஊத்துறதுக்கு 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. நேர்ல போய்ப் பாக்காம எழுதறவன், எழுதாமலே இருந்திருந்தா அது புண்ணியம். ஒருத்தன் சோம்பேறித்தனத்துல எழுதுற பொய், இன்னொருத்தர் வயித்துலதான் அடிக்கும். இத மொதல்ல உங்க சங்கத்துச் சுவத்துல எழுதி மாட்டச் சொல்லுங்க, அந்தக் கேடயம் இருக்கற எடத்துல."

அவள் வலியோடு பேனாவைப் பிடித்து, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள்.