அண்ணியின் வலது கை

என் பிழைப்பே மற்றவர்களின் தோல்தான். பதினோரு வருடமாக அழகு நிலையத்தில் வேலை. புருவம் திருத்துவேன், நகம் வெட்டி மெருகேற்றுவேன், கை கால் முடியை மெழுகு பூசி இழுத்து எடுப்பேன். ஒரு கையைத் தடவிப் பார்த்தே ஆளின் வயதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அந்த மிதப்பில்தான் அண்ணியிடம் வாயை விட்டேன்.

சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அண்ணியின் கையில் முடி கொஞ்சம் அடர்த்தி. "என்ன அண்ணி, கையா இது, கரடியா? ஒரு நாள் கடைக்கு வாங்க, சும்மாவே வழிச்சு விட்டுடறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு வருடம் என்னோடு பேச்சே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் அண்ணன்தான் தபால்காரர்.

அண்ணிக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் கொடுத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு இயந்திரத்தின் குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டது. சீறி வந்த ஆவி அண்ணியின் வலது முழங்கையிலிருந்து புறங்கை வரை அடித்தது. பக்கத்தில் இருந்த பெண் கெட்டிக்காரி. அண்ணியை இழுத்துப்போய் இருபது நிமிடம் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடியே நின்றிருக்கிறாள். அண்ணன் லாரியோடு வெளியூர் போயிருந்ததால் போன் எனக்கு வந்தது.

போட்டது போட்டபடி ஓடினேன். தீக்காயப் பிரிவில், கடைசிக் கட்டிலில் அண்ணி. கை முழுக்க வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். "குளிருதுடி" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

வெயில் கொளுத்தும் நாளில் அவர் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. இன்னொரு போர்வையோடு வந்தார் அங்கே கட்டுப் போடும் செவிலியர். ஆள் மல்யுத்த வீரர் மாதிரி. கை மட்டும் அவ்வளவு மெத்து என்பதால் எல்லோருக்கும் அவர் 'பஞ்சு அண்ணன்'.

"பயந்ததுல கொஞ்சம், தண்ணில நின்னதுல கொஞ்சம்" என்றார் அவர். "ஆனா தோல் போனாலும் குளிரும்மா. உள்ள இருக்கற சூட்டையும் தண்ணியையும் புடிச்சு வெச்சிருக்கறது அதுதானே. நெறைய குடிக்கக் குடுங்க. கை கழுவாம கிட்ட வராதீங்க. வெளில இருக்கற கிருமிக்கு இப்ப அங்க கதவே இல்ல."

பதினோரு வருடமாக நான் தேய்த்தும் பூசியும் பளபளப்பாக்கியும் வந்தது ஒரு கதவை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன். அண்ணிக்கு வலது கைதான் எல்லாம். ஊட்டிவிட்டேன், தலை வாரினேன். கரடிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரை வரும். அதற்குள் ஒரு வாய் சோற்றை ஊட்டிவிடுவேன். கட்டு மாற்றும்போது மட்டும் வெளியே போய் நின்றுகொள்வேன். அடுத்தவர் முடியைப் பிடுங்கும்போது கூசாத எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பத்தாம் நாள் டாக்டரம்மா கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தானா மூடற மாதிரி தெரியல. தொடையிலருந்து தோல் எடுத்து வெச்சுடலாம். நாளன்னிக்குக் காலைல." அண்ணி தலையாட்டினார். டாக்டரம்மா போனதும் இடது கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் கட்டுப் பிரிக்கறப்ப நீ கூட இருடி."

மறுநாள் இருந்தேன். பஞ்சு அண்ணன் கடைசித் துணியை தண்ணீரில் நனைத்து நனைத்து உரித்தார். சிவந்து, ஈரமாய், அங்கங்கே மஞ்சள் படிந்து கிடந்தது கை. முதலில் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அண்ணிக்காகத் திறந்தேன். திறந்ததும் தொழில் புத்தி வந்துவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் விளக்கைத் தள்ளுங்க. அந்தப் புள்ளிங்க என்ன?"

சிவப்புக்கு நடுவே கடுகைவிடச் சின்னதாக வெளிர் புள்ளிகள். ஏனோதானோவென்று இல்லை, சாய்வாக, வரிசை வரிசையாக. முடி எடுத்தபின் கையில் தெரியும் குழிகளின் வரிசை எனக்கு மனப்பாடம். "இது முடி வர்ற இடம். ஒவ்வொரு முடியோட வாயிலயும் ஒண்ணு நிக்குது" என்றேன்.

"சீழா இருக்குமோ?" என்றார் அண்ணி.

பஞ்சு அண்ணன் குனிந்து பார்த்தார். விறுவிறுவென்று போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். அவர் கண்ணாடி வில்லையை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சீழ் இல்ல, புதுத் தோல்" என்றார். "முடியோட வேர் ஆழத்துல இருக்கும். மேல எல்லாம் வெந்தாலும் அது தப்பிச்சிருந்தா, அந்தக் குழியிலருந்தே தோல் ஏறி வந்து நாலு பக்கமும் பரவும். இவங்களுக்கு முடி அடர்த்தி போல. நல்லதாப் போச்சு. ஆபரேஷன் வேணாம், பொறுத்துப் பாப்போம்."

அண்ணி கண்களில் நீரோடு என்னையே பார்த்தார். "கரடிக் கைடி" என்றார். அவர் சிரிக்க, நான் அழ, பஞ்சு அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"டாக்டரம்மா, அன்னிக்கு இவங்க என் பேச்சக் கேட்டு முடிய எடுத்திருந்தா?" என்று கேட்டேன்.

"எடுத்தா முடிதான் போகும், குழி எங்கயும் போகாது. திரும்ப முளைக்குதுன்னுதானே உங்க கடை ஓடுது?" என்று சொல்லிவிட்டுப் போனார். அறிவியல் என்னை விடுதலை செய்துவிட்டது. நான்தான் என்னை விடவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தக் கல்யாணத்தில் சொன்னதற்கெல்லாம் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாச்சும் கேட்டியே" என்றார் அண்ணி.

அதன்பின் கட்டு பிரிக்கும் நேரத்துக்கு நானே காத்திருந்தேன். புள்ளி திட்டானது, திட்டும் திட்டும் கை கோத்தன. வெறும் சிவப்பாகக் கிடந்த இடத்தில் மெல்லிய இளஞ்சிவப்புப் படலம், ரோஜா இதழ் மாதிரி. யாரும் தைக்கவில்லை, ஒட்டவில்லை. மணிக்கட்டில் மட்டும் ஒரு சின்ன இடம் ஆழமாக வெந்திருந்தது. அங்கே ஒரு புள்ளியும் எழவில்லை. அதற்கு மட்டும் தொடையிலிருந்து தீப்பெட்டி அளவு தோல் எடுத்து வைத்தார்கள். எடுத்த இடமும் இரண்டு வாரத்தில் தானே மூடிக்கொண்டது. ஆவி பட்டிருந்த மோதிர விரலின் நகம் கழன்று விழுந்து, ஐந்தாறு மாதத்தில் அடியிலிருந்து புதிதாக ஊர்ந்து வந்தது.

ஏழாம் மாதம் கடைசிப் பரிசோதனை. பஞ்சு அண்ணன் அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி, முடி மாதிரி ஒரு நைலான் இழையால் கையில் அங்கங்கே தொட்டார். "இங்க... இங்க... முழங்கைகிட்ட" என்று அண்ணி சொல்லிக்கொண்டே வந்தார். ஒட்டிய தோலில் தொட்டபோது மட்டும் கொஞ்சம் தாமதம். "ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி" என்றார்.

"வருது, நரம்பும் வருது" என்றார் பஞ்சு அண்ணன், ஏதோ தானே நெய்தது மாதிரியான பெருமையோடு. வேலைக்குத் திரும்பலாம் என்ற தாளில் அண்ணி வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

வெளியே நல்ல வெயில். பஸ் நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தோம். வெயில் படக்கூடாதே என்று அண்ணியின் கை மேல் என் குடையைச் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். புதுத் தோல் முழுக்கப் பொடிப்பொடியாக வியர்வை. ஒட்டு வைத்த இடம் மட்டும் உலர்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம், வந்து சில மாதமே ஆன அந்தத் தோல், யாரும் சொல்லித்தராமலே அவரைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது.

"என்னடி கையையே பாத்துட்டு நிக்கறே? பஸ் போயிடும்" என்றார் அண்ணி.

"போகட்டும் அண்ணி, அடுத்தது வரும்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.