வெள்ளைக் காரின் விளக்கு

உதவி மையத்தில் அவன் அடிக்கடி சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. "உங்க கம்ப்யூட்டர் புதுசா இருக்கிறதுதான் சார் பிரச்சனை." கேட்பவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆசையாக வாங்கிய புத்தம்புதுப் பொருளை இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வராது? அவர்கள் திட்டுவது அவனுக்கு உறைப்பதில்லை. மனைவி இறந்த பிறகு எதுவுமே அவ்வளவாக உறைப்பதில்லை. அதைக் கண்டுகொண்ட டீம் லீடர், கத்துகிற ஆட்களையெல்லாம் அவன் தலையில் கட்டினார். பக்கத்து மேஜைக்காரன் அவனுக்கு 'ஐஸ்பெட்டி' என்று பெயர் வைத்திருந்தான்.

விஷயம் இதுதான். உயர்தரப் பட டிஸ்குகளை யாரும் நகலெடுத்துவிடக் கூடாது என்று பூட்டுப் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டுமானால் டிரைவிலிருந்து கேபிள், மானிட்டர் வரை ஒவ்வொன்றும் தான் யோக்கியன் என்று நிரூபிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நடுவே பிராசஸருக்குள் வேறு யாரும் எட்டிப்பார்க்க முடியாத பூட்டிய அறை ஒன்று இருக்க வேண்டும். படத்தின் சாவி அங்கேதான் வேலை செய்யும். சில வருடங்கள் அப்படிப்பட்ட பிராசஸர்கள் வந்தன. அதற்குப் பின் வந்தவற்றில் அந்த அறையை எடுத்துவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரில் ஓடிய டிஸ்க் புதியதில் ஓடாது. திரை கறுப்பாக நிற்கும். அடியில் ஒரு பிழைச் செய்தியும் உதவி மையத்தின் எண்ணும் இருக்கும்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பை எடுத்தான்.

"வணக்கம், உதவி மையம். சொல்லுங்க சார்."

எதிர்முனையில் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். அதிலேயே தெரிந்துவிட்டது. மாமனார்.

தெரிந்தவர்கள் அழைத்தால் வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அங்கே விதி. எல்லாம் பதிவாகிறது. அவன் மாற்றவில்லை. அவரும் வைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த கையோடு அவருக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு போய் வைத்தவன், அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர் போன் செய்தால் எடுப்பதும் இல்லை.

"ஒரு டிஸ்க் ஓட மாட்டேங்குது, சார்," என்றார். அவனை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எந்த டிஸ்க் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டான். படத்தின் பெயரைச் சொன்னார். அவன் மனைவி டப்பிங் ஸ்டுடியோவில் கூட்டத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவள். சந்தையில் கூச்சல், ஆஸ்பத்திரியில் முணுமுணுப்பு, யாரோ யாரையோ கூப்பிடுவது, இதுதான் அவள் வேலை. அந்த ஒரு படத்தில் மட்டும் அவளுக்கென்று தனியாக ஒரு அறிவிப்பு கிடைத்தது. யாரோ கார் விளக்கை அணைக்காமல் விட்டதைச் சொல்லி, கடை ஒன்றின் ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு. அந்த டப்பிங் டிஸ்கில் மட்டும்தான் இருந்தது, வேறெங்கும் வெளியாகவில்லை. டிஸ்க் வந்தபோது மாமனார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: படம் பூரா பேசின கதாநாயகன் ஒருத்தரையும் காப்பாத்தலை, எங்க வீட்டுப் பொண்ணு ஒரு கார் பேட்டரியைக் காப்பாத்தினா.

"புதுக் கம்ப்யூட்டரா சார்?"

"ஆமா. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தார். இந்த டிஸ்க் விவகாரத்திலேயே வேலை பார்க்கிறவர். அதான் ஆச்சரியமா இருக்கு."

நன்றாகவே குத்தினார். ஊருக்கெல்லாம் எது ஓடும் எது ஓடாது என்று பாடம் எடுத்தவன், கடையில் இருந்ததிலேயே புதியதைக் காட்டி இதைக் கட்டுங்கள் என்று சொல்லியிருந்தான். அன்று கைதான் வாங்கியது. மனம் அங்கே இல்லை.

வழக்கமாகச் சொல்லும் மாற்று வழியைச் சொன்னான். டிவியோடு சேர்க்கும் தனி பிளேயர் கிடைக்கிறது, அதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

"டிவி ஹால்ல இருக்கு. ஹால்ல எங்க வீட்டம்மா இருக்காங்க. அந்தக் குரல் காதுல விழுந்தா அவங்களால தாங்க முடியாது. நான் உள்ரூம்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு அந்த இடத்தை மட்டும் கேட்பேன். படமெல்லாம் பார்க்கிறதில்லை."

எழுதிக் கொடுத்த கேள்விகள் அதோடு தீர்ந்துவிட்டன. எழுதாத ஒன்றைக் கேட்டான். "போன்ல எதுவும் பதிவு பண்ணி வைக்கலையா சார்?"

"போன்ல இருக்கிறதெல்லாம் ஆஸ்பத்திரிக் குரல், மாப்பிள்ளை."

அதற்குப் பிறகு இருவருமே பேசவில்லை. டீம் லீடர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். நாளெல்லாம் பேசினாலும் கண்டுகொள்ளாதவர். சும்மா இருந்தால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

பழைய கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்று அவனே கேட்டான், தெரியாதவன் மாதிரி.

"மாப்பிள்ளைதான் தூக்கிட்டுப் போனார். இந்நேரம் உடைச்சிருப்பாங்க."

"இல்லை சார். உடைக்கலை."

சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். அப்படித்தான் முடிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றார். நன்றி சொன்னார். வைத்தார்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி அவன் படுக்கையறை மூலையில் கிடந்தது. அதன் மேல் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பை. வந்த அன்று இறக்கி வைத்ததுதான். தினமும் சுற்றிக்கொண்டு நடப்பான், தொட்டதில்லை. உள்ளே அவளுடைய சீப்பும், போர்வையும், பாதி தீர்ந்த பற்பசையும் இருக்கும். அன்றிரவு பையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தான். நினைத்திருந்த கனம் இல்லை.

விடுமுறை நாளில் பெட்டியை அணைத்துக்கொண்டு மாமனார் வீட்டுக் கதவைத் தட்டினான். அத்தைதான் திறந்தாள். அவனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், "வாங்க" என்றாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்பாள் என எதிர்பார்த்தான். கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கழுவுகிற நேரமே அல்ல.

உள்ரூமில் வேலை இழுத்துக்கொண்டே போனது. சும்மா கிடந்ததில் உள்ளேயிருந்த சின்ன பேட்டரி தீர்ந்து எல்லா அமைப்புகளும் அழிந்திருந்தன. பூட்டிய அறை அணைந்து கிடந்தது. பேட்டரியை மாற்றி அதை எழுப்பினான். சோதனை நிரல் ஒவ்வொன்றாக விசாரித்தது. டிரைவ், பச்சை. பிராசஸர், பச்சை. கடைசி வரியில் சிவப்பு.

மாமனார் எட்டிப் பார்த்தார். "உங்களைப் பத்தி விசாரிச்சப்பகூட நான் இத்தனை கேள்வி கேட்கலை, மாப்பிள்ளை."

"கேட்டிருக்கணும் மாமா."

மானிட்டர் கேபிளைத் தவறான இடத்தில் சொருகியிருந்தான். தினமும் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் தவறு. பிடுங்கி மாற்றினான். சிவப்பு மறைந்தது.

டிஸ்க் சுழன்றது. மாமனார் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் நகர்த்தி நிறுத்தினார், கை பழகியிருந்தது. பிறகு ஹெட்போனை எடுத்து அவனிடம் நீட்டினார். "முதல்ல நீங்க கேளுங்க."

வாங்கிக்கொண்டான். காதுப் பஞ்சு தேய்ந்து அவர் தலையின் அளவுக்கு வளைந்திருந்தது. மாட்டிக்கொண்டால் அவன் மட்டும் கேட்பான், கழற்றிக் கொடுத்தால் அவர் மட்டும் கேட்பார், அடுத்த அறையில் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். தனியாகக் கேட்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஹெட்போன் பிளக்கைப் பிடுங்கினான்.

திரை கறுத்தது. மாமனார் பதறி எழுந்தார். "போச்சா?"

"இருங்க மாமா. சத்தம் மானிட்டர் ஸ்பீக்கருக்கு மாறிடுச்சு இல்லையா, மறுபடியும் எல்லாரையும் விசாரிக்குது."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். கதவைச் சாத்தப் போனவர், பாதியில் கையை எடுத்துவிட்டார்.

படம் திரும்பியது. கடை, கூட்டம், தள்ளுவண்டிகள். மேலே எங்கோ ஒரு ஒலிபெருக்கி கரகரத்தது.

"கவனிக்கவும். வெளியே நிற்கும் வெள்ளைக் காரின் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. உரிமையாளர் உடனே வரவும்."

நல்ல குரல். சளி இல்லாத, மூச்சு வாங்காத குரல். 'உடனே'வில் சிரிப்பை அடக்கியிருந்தாள். வீட்டில் குளியலறையிலிருந்து துண்டு கேட்கும்போதும் அதே மாதிரிதான் இழுப்பாள். அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வெகு நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று உறைத்தது, கண்ணில்.

படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. சமையலறையில் குழாய் நின்றது. மாமனார் அசையாமல் உட்கார்ந்திருந்தார், திட்டு வாங்கப் போகிறவர் போல.

அத்தை வாசற்படிக்கு வந்தாள். கை ஈரம் சொட்டியது. திரையைப் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கார்க்காரன் வந்தானா?" என்றாள்.

மாமனார் அவனைப் பார்த்தார். இருவருக்குமே தெரியவில்லை. அதற்குப் பிறகான படத்தை அவர்கள் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை.

"இன்னும் வரலை அத்தை," என்றான். "உட்காருங்க, பார்ப்போம்."