மலைக்குக் காப்புக் கட்டிய வருடம்

இலங்கை மலையகத்தில் டயகமவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றின் ஆறாம் நம்பர் மலை, ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் திகதியும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் கிளம்பி, வரியே இல்லாத ஒரு தீவுக்குப் போய், மறுநாள் திரும்பிவிடும். கணக்கு வருடம் முடிகிற அன்று மலை எங்கே நிற்கிறதோ, லாபமும் அங்கேதான் என்பது சட்டம். அந்தத் தீவில் கம்பெனிக்கு இருந்தது ஒரு தபால் பெட்டி மட்டும். இறைவரி உத்தியோகத்தர் வருவார், மலை இருந்த இடத்துப் பள்ளத்தைப் பார்ப்பார், "நட்டம்" என்று எழுதுவார், தோட்டத்தை நடத்தும் துரை கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போவார். திரும்பி வந்த மலையில் தேயிலைத் தூர்களுக்கிடையே நண்டு ஓடும். பிடித்துக் குழம்பு வைத்தார்கள்.

கொழுந்து பறிக்கும் யோகேஸ்வரி மட்டும் அந்தக் குழம்பைத் தொடுவதில்லை. அவள் மகள் சுதர்ஷினியின் தலைப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், குழியில் இறங்கிய லொறியிலேயே பிறந்து, லொறியிலேயே அடங்கிப்போனது. வரி வராமல் பாதை எப்படிப் போடுவது என்று அரசாங்கக் கந்தோரில் கையை விரித்தார்கள். தார் விழும்வரை இனிப் பிள்ளை வேண்டாம் என்று சுதர்ஷினி சொல்லிவிட்டாள். யோகேஸ்வரி கூடையோடு நேரே துரையிடம் போய் நின்றாள்.

"எல்லாக் கம்பெனி மலையும் போவுது. நம்மது மட்டும் நின்னா நம்மள மடையன்னுதான் சொல்லுவாங்க" என்றார் துரை.

"நீங்க புத்திசாலின்னு பேரெடுக்க எம் பேரப்புள்ளையா கெடச்சுது, தொரை?"

அந்த மார்ச் மாதக் கடைசியில் மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. யோகேஸ்வரி தன் கையில் ஒன்று கட்டிக்கொண்டு, இன்னொரு மஞ்சள் கயிற்றை மலையுச்சிச் சவுக்கு மரத்தில் கட்டினாள். பூசாரி மூக்கன் பதறிப்போனார்.

"ஏ புள்ள, காப்பு மனுசருக்குத்தானே?"

"மனுசங்க எங்கண்ணே தாண்டுறோம்? தாண்டுறது அதுதானே!"

முப்பத்தொன்றாம் திகதி மலை ஒரு முழம் எழும்பியது. லயத்து வீடுகளின் கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. பிறகு அம்மனுக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டது. நூற்றிருபது பெண்கள் கொழுந்தெடுக்கும் மலையை இல்லையென்று எழுத உத்தியோகத்தருக்கே கை வரவில்லை. காப்பை அவிழ்த்தால் மலை ஓடிவிடும் என்பதால், திருவிழாவை முடிக்காமலே வைத்தார்கள். வருடக்கணக்கில் தோட்டத்தில் கவிச்சி இல்லை. கயிற்றை அறுக்கக் கம்பெனி இரண்டு முறை ஆள் அனுப்பியது. இரண்டு முறையும் கூடையால் அடிவாங்கித் திரும்பினார்கள். மூன்றாம் வருடம் பாதைக்குத் தார் விழுந்தது.

ஐந்தாம் வருடம், அதே மார்ச் முப்பத்தொன்றில், சுதர்ஷினிக்கு வலி கண்டது. அம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி சேர்ந்தது. தோட்டத்து எல்லைவரை கூடவே போன யோகேஸ்வரி, கையில் காப்போடு அங்கேயே இறங்கி நின்றுவிட்டாள். மதியம் ஃபோனில் பிள்ளை வீறிட்டது.

"பொம்பளப் புள்ளம்மா. வந்து பாக்க மாட்டியா?"

"நா தாண்டினா அதுவும் தாண்டிருமேடி. நீயே தூக்கியாந்து காட்டு."

அவள் முதுகுக்குப் பின்னால் மலை ஒரு முழம் எழும்பி, மறுபடி உட்கார்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.