எந்தத் தம்பி

பாடைக்கு மூங்கிலை வெட்டக் கத்தியை ஓங்கிய ஆள், பரந்தாமன் பக்கத்தில் வந்து நின்றதும் கையை இறக்கினான்.

"ஆறடி போதும். எங்க அண்ணன் அஞ்சே முக்கால் அடிதான்" என்றான் பரந்தாமன்.

"இருங்க சார். தம்பி உள்ள கீறாரு. அவர ஒரு வார்த்த கேட்டுக்கினு வெட்றேன்."

நான்தான் தம்பி என்று சொல்வதற்குள் அவன் உள்ளே போய்விட்டான். போன வேகத்தில் திரும்பி வந்து, "தம்பி ஆறே கால் வெக்கச் சொல்ட்டாரு" என்று சொல்லிவிட்டு வெட்ட உட்கார்ந்தான். பரந்தாமன் ஆவடித் தொழிற்சாலையின் காக்கிச் சட்டையோடு பந்தலில் நின்றான். பார்க்கிறவர்களுக்கு அவன் மின்சாரக் கம்பம் பழுது பார்க்க வந்தவன் மாதிரிதான் இருந்திருப்பான்.

உள்ளே அண்ணன் துலுக்கானத்தின் தலைமாட்டில் அந்தத் 'தம்பி' உட்கார்ந்திருந்தான். பாரிவாக்கம் வீராசாமி. துலுக்கானத்தோடு அம்பத்தூர் கம்பெனியில் ஒரே பிரிவில் வேலை பார்ப்பவன். ரத்த சம்பந்தம் ஒரு சொட்டுக் கிடையாது. ஆனால் பிணத்தின் முகத்தில் உட்கார வந்த ஈயை அவன் விசிறியால் ஓட்டிய உரிமையைப் பார்த்தால், ஒரு வயிற்றில் பிறந்தவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அண்ணி நாகவல்லி பரந்தாமனைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். எதையோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பரந்தாமன் அண்ணனைப் பார்த்தான். பத்து நாள் மஞ்சள் காமாலையில் அந்தப் பெரிய முகம் சுருங்கி, வேறு யாரோ போல ஆகியிருந்தது. அழுகை வரும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தான். வரவில்லை. அந்த விசிறியைப் பிடுங்க வேண்டும் என்றுதான் கை பரபரத்தது.

பக்கத்து வீட்டு வனஜா அவனைச் சுவரோரமாகக் கூப்பிட்டாள். நல்ல மனசுக்காரி. நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"வெடியறதுக்குள்ளயே ஆரமிச்சிட்டாருப்பா. தம்பியக் கூப்டு, தம்பியக் கூப்டுன்னு ஒரே பொலம்பல். உங்க அண்ணி ஒடனே பாரிவாக்கத்துக்கு எங்க ஊட்டுக்காரர அனுப்பி வீராசாமியக் கூட்டியாரச் சொல்லிச்சு. ஏழு மணிக்கெல்லாம் வந்துட்டாரு. ஒனக்கு ஒம்பதரைக்குத்தான் ஆள் போச்சு."

அவள் வீட்டுக்காரர் வேம்புலி சைக்கிளை மிதித்து ஆவடி போய்ச் சேர்ந்ததும், வாசல் காவலாளி அவரைக் காக்க வைத்ததும், சேதி பரந்தாமன் காதுக்குப் பன்னிரண்டரைக்கு வந்ததும் அவனுக்கே தெரியும். துலுக்கானம் பதினொரு மணிக்குப் போய்விட்டான். ஏழு மணி, ஒன்பதரை மணி. பரந்தாமன் மனம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அரைத்தது. சாகும்போதும் வீராசாமிக்குத்தான் முதல் அழைப்பு. கடைசி மூச்சிலும் அவன்தான் தம்பி.

இந்தத் 'தம்பி' என்ற சொல்லை வீராசாமிக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைக்காரன் நாடகம்.

கரையான்சாவடித் தொழிலாளர் நாடக சபாவில் வருடா வருடம் பொங்கலுக்கு அந்தச் சோக நாடகத்தைப் போடுவார்கள். பூந்தமல்லிப் பள்ளிக்கூட ஆசிரியர் ராமன் இங்கிலீஷிலிருந்து எழுதிக் கொடுத்தது. ஒரு சேனாதிபதி. அவரிடம் பதவி கிடைக்காத கீழதிகாரி ஒருவன். அவன் கூடவே இருந்து குழி பறிக்கிறான். சேனாதிபதி அவன் பேச்சைக் கேட்டுக் கட்டின மனைவியைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறார். மூலத்தில் சேனாதிபதி அந்தப் படுபாவியை வாய்க்கு வாய் நல்லவன் என்று அழைப்பாராம். அதை அப்படியே வைத்தால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று ராமன் 'தம்பி' என்று மாற்றிவிட்டார். சேனாதிபதி துலுக்கானம். கீழதிகாரி வீராசாமி.

பரந்தாமனுக்கு என்ன வேஷம் என்றா கேட்கிறீர்கள். வேஷமே இல்லை. நோட்டுப் புத்தகம். திரைக்குப் பக்கத்தில் மறைவாக உட்கார்ந்து, நடிகர்கள் மறந்தால் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும் வேலை. கீழதிகாரி வேஷம் தனக்கு வேண்டும் என்று முதல் வருடமே கேட்டான். "உனக்குக் குரல் பத்தாதுடா. நோட்ட வேற யாரு கையில குடுத்தாலும் எனக்கு பயம். நீ இருந்தாத்தான் எனக்கு தைரியம்" என்றான் துலுக்கானம். இதைப் பெருமையாக எடுத்துக்கொள்கிறவர்களும் உலகத்தில் இருப்பார்கள். பரந்தாமன் அந்த ஜாதி இல்லை.

ஐந்து வருடம் அவன் இருட்டில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் அண்ணன் இன்னொருத்தன் தோளில் கை போட்டு "தம்பி" என்று குழைவதைப் பார்த்தான். வீட்டில் துலுக்கானம் அவனை "டேய்" என்பான், கோபம் வந்தால் "நோட்டு" என்பான். நாடகம் பார்த்த கடைத்தெருக்காரர்கள் வீராசாமியைப் பார்த்து, "இன்னா தம்பி, அண்ணன் சௌக்கியமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீராசாமியும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒத்திகையில் வீராசாமி அடிக்கடி ஒரு சந்தேகம் கேட்பான். "வாத்தியாரே, இவன் இன்னாத்துக்கு இத்தினி பாவம் பண்றான்? ஒரு பதவி கெடைக்காததுக்கா?" ராமன் தலையைச் சொறிவார். மூலத்தில் அவனே நாலு காரணம் சொல்கிறான், ஒன்றும் ஒட்டவில்லை, படித்தவர்களே இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள் என்பார். நோட்டும் கையுமாக மூலையில் இருந்த பரந்தாமனுக்கு மட்டும் அதில் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் அவனை யார் கேட்டார்கள்.

அறுபத்தொன்பது மாட்டுப் பொங்கல் அன்று வீராசாமி நீண்ட வசனத்தின் நடுவில் நின்றுவிட்டான். கண் திரைப்பக்கம் வந்தது. அந்த வரியின் மேல்தான் பரந்தாமனின் விரல் இருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. வீராசாமி எச்சில் விழுங்கினான். முன் வரிசையில் விசில் கிளம்பியது. ஒருத்தன், "ஊட்டுக்குப் போய்ப் படிச்சிட்டு வாடா" என்று கத்தினான். பரந்தாமனுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. அப்போது துலுக்கானம் இரண்டடி முன்னால் வந்து, வீராசாமியின் தோளைத் தொட்டு, "சொல்லக் கூசுகிறதா தம்பி? என் மனைவியைப் பற்றியது என்றுதானே தயங்குகிறாய்?" என்றான். நோட்டில் இல்லாத வரி. கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். அந்த வருடம் பூந்தமல்லி முழுக்க அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் பேச்சு.

பக்கம் ஒட்டிக்கொண்டது என்று பரந்தாமன் சொன்னான். துலுக்கானம் நோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தான். பக்கங்கள் நன்றாகத்தான் பிரிந்தன. "சரி, உடு" என்றான். இரண்டு அறை விட்டிருந்தால் பரந்தாமன் அங்கேயே இருந்திருப்பான். அந்த "சரி, உடு"வைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த மாதமே ஆவடிக் குடியிருப்புக்குப் போனவன் இரண்டு வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காமாலை என்று கேள்விப்பட்டும் போன ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் வீராசாமி இருப்பான் என்பதுதான் காரணம்.

மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வீராசாமி எழுந்து பின்கட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான். பரந்தாமன் பின்னாலேயே போனான்.

"கடைசீல நீதான் இருந்தியா?"

"ம்."

"உன்னத்தான் கூப்ட்டாரா?"

வீராசாமி குடத்தைக் கீழே வைத்தான். முகம் வீங்கியிருந்தது. "உக்காரு பரந்தாமா."

"உக்கார வர்ல. கேட்டதுக்கு பதில் சொல்லு."

"அண்ணன் என்னிக்காவது ஊட்ல என்னத் தம்பின்னு கூப்ட்டு நீ கேட்டுகீறியா? வீரான்னுதான் கூப்டுவாரு. தம்பிங்கறது மேடையில, மீசய ஒட்டிக்கினா மட்டும்தான். அண்ணிக்கு அந்த பயத்துல அது தோணல. ரெண்டு வருசமா நீ வர்றதில்ல. நான்தான் போயி வந்து கீறேன். அதனால என்னக் கூப்ட்டு உட்டாங்க. நான் வந்தப்ப நெனவு இல்லாம கெடந்தாரு, ஒம்பதுக்கு மேலதான் முழிச்சாரு. 'வீரா வந்துகீறேண்ணா'ன்னேன். கண்ணு தெரியல அவருக்கு. 'நீ இல்லடா, தம்பி'ன்னாரு. அப்பத்தான் எங்க ரெண்டு பேருக்கும் வெளங்கிச்சு. அண்ணி தலயில அடிச்சிக்கினாங்க. வேம்புலிய மறுபடியும் ஓட்டுனோம், உன்கிட்ட."

பரந்தாமன் உட்கார்ந்தான்.

"நீ வேணும்னேதான் வாய மூடிக்கினன்னு அன்னிக்கே அவருக்குத் தெரியும்" என்றான் வீராசாமி. "நான் கோவத்துல குதிச்சேன். அப்ப ஒண்ணு சொன்னாரு. 'வாத்தியாருக்குப் புரியல வீரா, எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. நம்ம நாடகத்துல வர்றவன் பதவிக்காவ ஒண்ணும் பண்ல. அந்த சேனாதிபதின்னா அவனுக்கு உசுரு. தன்ன உட்டுட்டு இன்னொருத்தனப் பக்கத்துல வெச்சிக்கினானேன்னு பொறுக்கல. அவ்ளோதான். நான்தான் அவன நோட்டும் கையுமா இருட்டுல உக்கார வெச்சிட்டேன்'னாரு. உன்னப் போயி கூட்டியாரணும்னு ரெண்டு வருசமா சொல்லிகினே இருந்தாரு. அவருக்கும் ரோசம். நீயா வருவன்னு பாத்தாரு."

பந்தலில் மேளம் ஆரம்பித்தது. பரந்தாமனுக்கு வீராசாமியின் உதடுகள் மட்டும் தெரிந்தன. அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னா?"

"பத்தரை மணி இருக்கும். மூச்சு வாங்கிச்சு. 'தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானா'ன்னு அதே கேள்வி. அண்ணியால பாக்க முடியல. நான் அவர் காதாண்ட குனிஞ்சு, 'வந்துட்டேண்ணா'ன்னு சொன்னேன். உன் குரல்ல. நீ மூக்கால பேசுவியே, அப்பிடி. மன்னிச்சிக்கோ பரந்தாமா."

"நம்புனாரா?"

"நம்புனாரு. என் கையப் புடிச்சிக்கினாரு. 'சாப்ட்டியாடா'ன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சாப்ட்டேண்ணான்னு சொன்னேன். அப்புறம் அவரு பேசல."

தன் பெயரில், தன் குரலில், தனக்கு வந்த கேள்விக்கு இவன் பதில் சொல்லியிருக்கிறான். அண்ணனின் கடைசிப் பிடி தன்னை நினைத்துப் பிடித்தது, கிடைத்தது இவன் கைக்கு. இந்த வேஷத்தையும் இவனே வாங்கிக்கொண்டானே என்று வயிறு எரிந்தது. இந்த வேஷம் காலியாகக் கிடந்தது யாரால் என்பதும் அதோடு சேர்ந்து எரிந்தது.

"தப்பா சொல்லிட்ட" என்றான்.

"இன்னா?"

"நான் அப்பிடி சொல்ல மாட்டேன். அவரு கேட்டா சாப்டலன்னுதான் சொல்வேன். சாப்ட்டு வந்திருந்தாலும் சாப்டலம்பேன். அப்பதான் அண்ணிய எழுப்பி சோறு போட சொல்லி, நான் துன்ற வரைக்கும் எதிர்லயே குந்திகினு இருப்பாரு. சாப்ட்டேன்னா அவருக்கு இன்னா வேல? 'சரி'ன்னு போயிடுவாரு."

உள்ளேயிருந்து, "வாய்க்கரிசி போடறவங்க வாங்க, நேரமாவுது" என்று குரல் கேட்டது.

பிணத்தைக் குளிப்பாட்டிப் பந்தலுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். நாகவல்லி முறத்தில் அரிசியோடு நின்றாள். "மொதல்ல பங்காளிங்க" என்று ஒரு பெரியவர் வரிசை சொன்னார். பரந்தாமன் முறத்தில் கையை விட்டு ஒரு பிடி அரிசியை அள்ளினான். அவன் பின்னால் வீராசாமியும் வந்து நிற்பதைப் பார்த்த பெரியவர், "நீ அப்புறம் வாப்பா, இது ரத்த சம்பந்தம்" என்றார்.

"இருக்கட்டும்" என்றான் பரந்தாமன். "என் பின்னாடியே போடட்டும்."

மூடின கையோடு அண்ணனின் முகத்துக்கு மேலே குனிந்தான். அப்படியே நின்றான். மேளக்காரர்கள் ஒரு சுற்று அடித்து முடித்து, அடுத்ததை ஆரம்பித்தார்கள்.

"போடுப்பா" என்றார் பெரியவர். "எத்தினி பேரு கீறாங்க பாரு."

பரந்தாமன் அசையவில்லை. கடைசியில் நாகவல்லிதான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.