மூடிக்குள் மழை

காய்ச்சல் போகும்போது தையல்காரியின் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில் இருந்தது, மணம்தான் இல்லை. வெங்காயமும் ஒன்றுதான், வெள்ளைத் துணியும் ஒன்றுதான். முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தைப்பதற்கு மூக்கு எதற்கு?

சமையலறைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது. பருப்பு கருகிப் புகை மண்டும்வரை பக்கத்து அறையில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருப்பாள். கண் எரிந்த பிறகுதான் ஓடுவாள். ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் திறந்தபடியே கிடந்தது. வேலை முடிந்து வந்த கணவன் வாசலிலேயே மூக்கைச் சுளித்து, செருப்போடு உள்ளே ஓடி அடுப்பை மூடினான். அவன் பஸ் டிரைவர். எவ்வளவு நெரிசலிலும் குரலை உயர்த்தாதவன். அன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அடுப்பைக் கழற்றி, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தன் அக்கா வீட்டில் வைத்துவிட்டு, ஒரு அட்டைப் பெட்டியோடு மேலே ஏறி வந்தான்.

"ஸ்லோ குக்கர். கரண்ட்ல மெதுவா வேகும். இது கருகாது, வழியாது. காலைல எல்லாத்தையும் போட்டு மூடிட்டா மத்தியானம் தானா வெந்திருக்கும்."

முட்டை வடிவத்தில் கனமான பீங்கான் பானை. கண்ணாடி மூடி. முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வீட்டுக்குப் புதிதாக வந்த பேசாத விருந்தாளியைப் போல அது உட்கார்ந்திருந்தது.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது இந்தப் பேச்சுதான்.

"அது இல்லன்னா எனக்குக் குடும்பமே இல்ல," என்றாள் மேல்தளத்து நர்ஸ். "போட்டுட்டு டியூட்டிக்குப் போயிடுவேன். திரும்பி வந்தா யாரோ எனக்காகச் சமைச்சு வச்ச மாதிரி இருக்கும். வீட்ல மாமியார் இருக்கிற மாதிரி. ஆனா வாயில்லாத மாமியார்!"

கணவனின் அக்கா ஒரு பள்ளிக்கூடத்து கேன்டீனில் சமைப்பவள். பெரிய தீயும் பெரிய கரண்டியும் பெரிய குரலும் அவளுடையவை. "அது சமைக்குதா, தியானம் பண்ணுதா?" என்றாள். "எங்க கேன்டீன்ல அதை வச்சா பசங்க படிச்சு முடிச்சு வேலைக்கே போயிடுவாங்க. அதுக்கப்புறம்தான் குழம்பு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரியும் சிரித்தாள். நாத்தனார் ஈரச் சட்டையை உதறிவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கிழமையும் வழக்கம்போல உன் வீட்டுக்கே சாப்பிட வரோம். சரியா வரலன்னா மனசுல வச்சுக்காதம்மா. இனிமே எல்லாரும் என் வீட்லயே சாப்பிட்டுக்கலாம். தினமும்கூட நான் அனுப்பிடறேன். நீ பாட்டுக்கு தைச்சிட்டு இரு."

அன்போடு சொன்னதுதான். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகத் தைத்தது.

ஞாயிறு வந்தது. கறியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மிளகும் போட்டு மூடிவிட்டு அவள் மிஷினில் உட்கார்ந்தாள். பானையிலிருந்து சத்தமே இல்லை. அடுப்பு என்றால் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும். இது ஊமை. மணம் வருகிறதா என்று பார்த்துச் சொல்லவும் மூக்கில்லை. கண்ணாடியில் பனி படிந்து உள்ளே இருப்பதும் தெரியவில்லை. அவள் எழுந்து போய் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் வந்து அப்பியது. அப்பாடா, ஏதோ நடக்கிறது. மூடினாள். ஒரு பொத்தான் தைத்தாள். மறுபடி சந்தேகம், மறுபடி மூடி, மறுபடி அந்த இளஞ்சூடு. காலை முழுவதும் அப்படியே போனது.

தட்டில் விழுந்த கிழங்கு 'டொக்' என்றது. கறி வெளிறிப் போய், கடித்தால் திரும்பி வந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் நாத்தனார், வெகுநேரம் மென்றபடி. அவள் கணவர், "டேஸ்ட் இருக்கு, டேஸ்ட் இருக்கு," என்று தண்ணீரைக் குடித்தார். தையல்காரியின் கணவன் தட்டில் இருந்த எல்லாவற்றையும் விழுங்கினான். போகும்போது நாத்தனார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மாலையில் மாடியில் கதையைக் கேட்ட நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "திறந்து திறந்து பார்த்தியா? ஐயோ, திறக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கிற சூடெல்லாம் போயிடும்டி. கறி வேகல, உன் மூஞ்சிதான் வெந்திருக்கும்! நாங்கல்லாம் திறக்கவே மாட்டோம். மணமே சொல்லிடும்..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தையல்காரி கிளிப்புகளை எடுத்துக் கூடையில் போட்டாள். பிறகு நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள்.

"அண்ணி, வர்ற ஞாயிறும் மேல வாங்க."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கடைசி தடவை. எதுக்கும் வீட்ல ஏதாவது செஞ்சு வச்சுட்டே வரேன்."

அடுத்த ஞாயிறு அவள் மூடியை மூடியதும் ஒரு பருத்தி நாடாவை எடுத்தாள். இரண்டு பக்கக் கைப்பிடிகளிலும் நுழைத்து, மூடியின் குமிழின் மேல் குறுக்காக இழுத்து, இரு முனைகளையும் சேர்த்து நெருக்கமாகத் தைத்துவிட்டாள். அவிழ்க்க முடிகிற முடிச்சை அவள் நம்பவில்லை. தைத்ததை வெட்டுவதற்கு ஒரு தையல்காரிக்கு மனசு வராது.

கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன, பானைக்குப் பாவாடை நாடா கட்டியிருக்கே?"

"ஓடிப்போயிடாம இருக்க."

அவன் முதல் டிரிப்புக்குக் கிளம்பியதும் வீடு அடங்கியது. மிஷினைப் பானைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திறக்க முடியாது என்றான பிறகு, பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் வெறும் பனி. பிறகு பனி துளியானது. ஒரு துளி இன்னொன்றைத் தேடிப் போய்ச் சேர்ந்து, கனம் தாங்காமல் வழுக்கி ஓரத்துக்கு ஓடியது. அது ஓடிய தடத்தில் கண்ணாடி தெளிந்து, உள்ளே கிழங்குகள் தெரிந்தன, மழைக்குள் குன்றுகள் போல. மூடிக்குள் மழை பெய்துகொண்டே இருந்தது. விளிம்பில் தேங்கிய நீரில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தூக்கத்தில் யாரோ முணுமுணுப்பது போல இருந்தது. அவள் பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். உறங்கும் குழந்தையின் சூடு.

ஜன்னல் வெளிச்சம் துணியின் மேல் மெல்ல நகர்ந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையிலேயே தலை சாய்ந்தது.

கனவில் தெருவுக்கு மேல் கண்ணாடி வானம். அதன் உட்புறத்திலிருந்து வெதுவெதுப்பாகத் தூறிக்கொண்டிருந்தது. யாருக்கும் அவசரமில்லை. கணவனின் பஸ் படகு மாதிரி மிதந்து வந்தது. கேன்டீன் கரண்டியைத் துடுப்பாகப் போட்டபடி நாத்தனார் சிரித்தாள். வீடுகளின் மூலைகள் நெகிழ்ந்து வளைந்தன. எங்கும் மணம். இளகிய வெங்காயம், மிளகு, இஸ்திரிப் பெட்டிக்கடியில் ஈரத்துணி. அவள் அதில் நனைந்துகொண்டே நடந்தாள். ஆச்சரியம்கூடப் படவில்லை.

கதவு தட்டும் சத்தத்தில் விழித்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வாசலில் சீருடையோடு நர்ஸ்.

"உள்ள என்னடி பண்றே? படியெல்லாம் ஆளைத் தூக்குது!"

"மணக்குதா?"

"மணக்குதாவா? டியூட்டிக்குப் போகவே கால் வரல."

மதியம் எல்லோரும் உட்கார்ந்ததும் கணவன்தான் கத்தரியை எடுத்துத் தையலை வெட்டினான். கரண்டி பட்டதும் கறி தானாகப் பிரிந்தது. தட்டுகளின் சத்தம் மட்டும். தையல்காரி நின்றபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

நாத்தனார் விரலை நக்கிவிட்டு நிமிர்ந்தாள். "உப்பு கொஞ்சம் கம்மி."

"அக்கா," என்றான் கணவன்.

"நீ சும்மா இருடா. கிழங்கு கரைஞ்சு கூழாயிடுச்சு. இவ்வளவு நேரம் வேகப் போறதை இப்படியா பொடிசா நறுக்குவாங்க? பல்லில்லாதவங்களுக்கா சமைச்சே? மிளகு பாரு, ஒண்ணும் பாதியுமா இடிச்சிருக்கே."

காய்ச்சலுக்குப் பிறகு அவள் சமையலில் யாரும் குறை சொன்னதே இல்லை. தையல்காரி ஒரு நாற்காலியை இழுத்து நாத்தனாருக்கு நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அடுத்த ஞாயிறு நானே சீக்கிரம் வந்து நறுக்கித் தரேன்."

"வேணாம் அண்ணி, நானே நறுக்கிக்கிறேன். நீங்க சாப்பிட வந்தா போதும்."

நாத்தனார் அவளை முறைத்தாள். பிறகு தட்டை நீட்டினாள்.

"பேசிட்டே இருக்காத. அந்த ஓரத்துல இருக்கிற துண்டைப் போடு."