மாமனார் என்ற வரி

அப்பா கண்ணை மூடிய அன்று மத்தியானம் அண்ணன் சிறிதரன், இதே நகரத்தில் கெல்லிவில்லில் உள்ள தன் பெரிய வீட்டில் இருந்து போன் எடுத்தான். அழுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அழுது முடிந்ததும் மரண அறிவித்தல் பற்றிப் பேச்செடுத்தான். அதை இணையத்தில் போடும் பொறுப்பை என்னிடமே விட்டான்.

“நிரஞ்சினி, அம்மாவுக்குப் போட்ட மாதிரியே போடு பிள்ளை. பேரை மட்டும் மாத்து.”

அம்மாவுக்குப் போட்டது அவன் எழுதியது. அதில் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என்று எல்லாரும் இருந்தார்கள். மருமகன் மட்டும் இல்லை. என் கணவர் பிரவீனன் அகதியாகப் படகில் வந்தவர், இன்னும் தற்காலிக விசாதான். பெயர் வெளியில் வந்தால் அவருக்குத்தான் பிரச்சினை என்று அண்ணன் அப்போது சொன்னான். அது வெறும் சாட்டு. தமிழ்ச் சங்கத் தலைவரான அவனுடைய தங்கை படகில் வந்தவனைக் கட்டியது நாலு பேருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அவரை அவன் ஒருநாளாவது மச்சான் என்று கூப்பிட்டதில்லை. ‘உன்ர ஆள்’ என்பான்.

பிரவீனன் அந்த அறிவித்தலைப் போனில் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்ததை நான் மறக்கவில்லை. பிறகு அப்பா படுக்கையில் விழுந்தபோது, ஹோம்புஷில் எங்கள் சின்ன ஃப்ளாட்டில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது இந்த ‘ஆள்’தான். மகன் எப்போதாவது அப்பிள் பையோடு வந்து, கதிரை நுனியில் இருந்துவிட்டுப் போனான்.

இதையெல்லாம் நினைத்த எரிச்சலோடேயே எழுதிப் போட்டேன்: ‘பிரவீனன், நிரஞ்சினி ஆகியோரின் பாசமிகு தந்தையும், சிறிதரனின் அன்பு மாமனாரும் ஆவார்.’

பின்னேரமே அண்ணன் திரும்பப் போன் எடுத்தான். சங்கத்து ஆட்கள் வரிசையாகப் போன் பண்ணி, மாமனார் போனதற்கு அனுதாபம் சொல்கிறார்களாம். ஒருவர், உங்கட அப்பா ஊரில் சுகமோ என்றும் விசாரித்தாராம். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

“பிழை விட்டிட்டாய். உடன மாத்து.”

“பிழை இல்லை அண்ணா. நீங்கள் சொன்ன மாதிரிப் பேரை மட்டும்தான் மாத்தினனான்.”

வைத்துவிட்டேன்.

இறுதிச்சடங்கு அலுவலாகப் போயிருந்த பிரவீனன் வந்ததும், பெருமையோடு போனைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

“என்னை ஏன் மகனெண்டு போட்டனீர்?”

மகன் மாதிரிப் பார்த்தவர் அவர்தானே என்றேன்.

“எனக்கு ஊரில அப்பா இருக்கிறார். நான் இந்த வீட்டு மருமகன். அதைத்தான் ஒருக்கா எழுத்தில பாக்க ஆசைப்பட்டனான்.”

அண்ணனுக்கு ஓங்கிய கை இவர் கன்னத்தில் விழுந்துவிட்டது. வெட்கமாகப் போனது. அங்கேயே இருந்து திருத்தினேன்: ‘நிரஞ்சினியின் பாசமிகு தந்தையும், பிரவீனன், சிறிதரன் ஆகியோரின் அன்பு மாமனாரும் ஆவார்.’

பிரவீனன் தன் பெயரில் விரலை வைத்து வாசித்தார். கண் கலங்கியது. பிறகு, கொள்ளி வைக்கப் போகிறவர் அண்ணன், அவரை மகன் என்ற இடத்திலேயே போடச் சொன்னார்.

“முதல்ல உங்களை மச்சான் எண்டு கூப்பிடட்டும். அப்ப மாத்திறன்.”

போன் திரும்பவும் அடித்தது. அண்ணன்தான். நான் எடுக்கவில்லை. பிரவீனனிடம் நீட்டினேன்.