படியேறி வந்த முக்காலி

அகராதி அலுவலகத்தில் எந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுத முறை வருகிறதோ, அந்தப் பொருளே படியேறி வந்து வாசலில் நிற்கும். அண்டா உருண்டு வந்தது, ஏணி சாய்ந்து சாய்ந்து வந்தது. சரியான விளக்கத்தை உரக்கச் சொன்னதும் இறங்கிப் போய்விடும். எங்கே போகிறது என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. விளக்கம் சொல்லும்வரை வந்த பொருளை யாரும் தொடக்கூடாது என்பது விதி. தொட்டால் சான்று கெட்டுவிடுமாம். நல்ல விதி போங்கள்.

ஒருநாள் முக்காலி வந்தது. மூன்று கால் இருந்தால் முக்காலி, பால்குடி மாறாத பிள்ளைகூடச் சொல்லும். அங்கே விளக்கம் எழுதும் இரண்டு மேதாவிகளுக்கு அது போதவில்லை. நாற்காலிக்கு மரம் பற்றாமல் போய் ஒரு கால் குறைந்தபோது பிறந்த பழஞ்சொல், உட்காரத்தான் என்றார் அகராதிக்காரர். இல்லவே இல்லை, பானைக்கு அண்டைகொடுத்த மூன்று கற்கள்தான் பிறகு காலாயின, சட்டி வைக்கத்தான் என்றார் அவர் மைத்துனர். இரண்டையும் படித்துப் பார்த்தார்கள். முக்காலி அசையவில்லை. பேச்சு முற்றிச் சண்டையாகி, ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வருஷக்கணக்காக எழுதிக் கிழித்தார்கள். வரிசையில் பின்னால் நின்ற முட்டை பொரிந்து கோழியாகிவிட்டது. முதலை படிக்கட்டிலேயே படுத்துக்கொண்டது. தபால்காரர் அதைத் தாண்டித்தான் வந்துபோனார்.

நடுவில் மாட்டிக்கொண்டு அல்லாடியது அகராதிக்காரரின் மனைவி. இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் கூடப்பிறந்த தம்பி. தினமும் மதியம் இரண்டு கேரியர், இரண்டு கதவு. "உன் தம்பிகிட்ட சொல்லிடு", "அத்தான்கிட்ட கேளுக்கா" என்று ஓடி ஓடிக் காலே வீங்கிவிட்டது. நாற்காலிகள் எல்லாவற்றிலும் காகிதக் கட்டுகள். உட்காரும்மா என்று அவளிடம் ஒருவர், ஒரே ஒருவர், சொல்லியிருப்பாரா? எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் அவளுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "போதும்டா சாமி" என்று இரண்டு கேரியரையும் ணங்கென்று முக்காலிமேல் வைத்தாள். இரண்டு கதவும் திறந்தன.

"ஐயையோ, தொட்டுட்டியே!"

அவள் கேரியர்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கையில் திணித்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தாள். "எழுதிக்குங்க. சட்டியும் வைக்கலாம், உக்காரவும் உக்காரலாம். தரை எப்படிக் கோணலா இருந்தாலும் ஆடாது. மூணு காலு, முக்காலி. இதுக்கு மேல என்ன எழவு வேணும் உங்களுக்கு?"

உரக்கத்தான் சொன்னாள். விளக்கமும் சரியாக இருந்திருக்க வேண்டும். முக்காலி அவளையும் தூக்கிக்கொண்டு படியிறங்கியது. முதலை வாலை ஒதுக்கிக்கொண்டது.

"மாப்ள, முன்னாடி போய் மடக்குடா!"

"நீங்க அந்தக் காலைப் பிடிங்க அத்தான்!"

கேரியரும் கையுமாக இருவரும் தெருவில் ஓடினார்கள். மேடும் பள்ளமுமான அந்தத் தெருவில் முக்காலி துளியும் ஆடாமல் போனது. அகராதிக்காரர் மூச்சு வாங்க, "இறங்கிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்.

"கல்யாணமாகி இப்பத்தான் உக்காந்திருக்கேன், விடுங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

தெருமுனையில் பால்வண்டிக்காரர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.